பிரக்டோஸைப் பிடிக்கும் சுண்ணாம்பு

கேள்வி:

ஐயா, எங்கள் வீடு மார்த்தாண்டம் பக்கம். அப்பா தேனீ வளர்க்கிறார். ரப்பர் தேனை எடுத்து வைத்த கொஞ்ச நாளிலேயே டின்னில் பாதிக்கு மேல் வெள்ளையாக உறைந்துவிடுகிறது. மேலே நிற்கும் தெளிந்த பாகை வடித்தெடுத்தால் அது சுத்தமான பிரக்டோஸ் என்றும், சர்க்கரை நோயாளிகளுக்கு விற்கலாம் என்றும் ஒரு வியாபாரி அப்பாவிடம் சொல்லியிருக்கிறார். நான் இளங்கலை வேதியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். இதையே புராஜெக்ட்டாகச் செய்யலாமே என்று தோன்றியது. எங்கள் ஆய்வகத்தில் பெரிய கருவிகள் எதுவும் இல்லை. போலாரிமீட்டரும் வடிகட்ட உறிஞ்சு பம்பும் உண்டு, ஐஸ் வாங்கிக்கொள்ளலாம். வேதிமுறைகளைக் கொண்டே பிரக்டோஸை மற்ற சர்க்கரைகளிலிருந்து பிரிக்க முடியுமா? ஓசசோன் படிகமாக்கிப் பிரித்துவிடலாம் என்கிறான் நண்பன். அது சரிதானா?

வாசகர், கன்னியாகுமரி மாவட்டம்

பதில்:

முடியும். உங்கள் ஆய்வகத்தில் இருப்பதே போதும். ஆனால் தேனில் தொடங்க வேண்டாம், ஓசசோன் வழியும் வேண்டாம். இரண்டுக்கும் காரணம் சொல்லிவிட்டு வழிக்கு வருகிறேன்.

வியாபாரி சொன்னதில் பாதி உண்மை. தேனில் சராசரியாக 38 விழுக்காடு பிரக்டோஸ், 31 விழுக்காடு குளுக்கோஸ், 17 விழுக்காடு தண்ணீர் இருக்கும். மீதியில் மால்டோஸ் போன்ற இரட்டைச் சர்க்கரைகள், அமிலங்கள், தாது உப்புகள், மகரந்தம் எல்லாம் அடங்கும். அறை வெப்பத்தில் 100 கிராம் தண்ணீரில் குளுக்கோஸ் 90 கிராம் அளவுக்குத்தான் கரையும். பிரக்டோஸ் அதைப்போல் நாலு மடங்கு கரையும். எனவே தண்ணீர் குறைந்த தேனில் தாங்க முடியாத அளவுக்குக் குளுக்கோஸ் இருந்தால், அதுதான் முதலில் ஒரு நீர் மூலக்கூறைச் சேர்த்துக்கொண்டு படிகமாக வெளியேறும். ரப்பர் தேன் சீக்கிரம் உறைவதும் இதனால்தான். அடியில் தங்கிய வெள்ளைப் படிகம் குளுக்கோஸ் என்பது சரி. மேலே நிற்கும் பாகு சுத்தமான பிரக்டோஸ் என்பதுதான் தவறு. அந்தப் பாகில் கரையக்கூடிய அளவு குளுக்கோஸ் முழுக்க அப்படியே இருக்கும். பிரக்டோஸின் பங்கு கொஞ்சம் கூடியிருக்கும், அவ்வளவே. படிகம் தண்ணீரைக் கொஞ்சமாக எடுத்துக்கொண்டு பிரிவதால் மேல் பாகில் நீரின் விகிதமும் ஏறும். அப்படிப்பட்ட பாகு விரைவில் புளிக்கும். சர்க்கரை நோயாளிக்கு அதைப் பிரக்டோஸ் என்று விற்பது ஒருவரின் உடம்போடு விளையாடுவது. அப்பா அந்தப் பேச்சுக்கே போக வேண்டாம். அசல் பிரக்டோஸானாலும் அது நோயாளிக்கு மருந்தல்ல. ரத்தச் சர்க்கரையை உடனே ஏற்றாது என்பது உண்மை. ஆனால் அதில் பெரும்பங்கு கல்லீரலுக்குப் போகிறது. அளவு மிஞ்சினால் ரத்தத்தில் கொழுப்பைக் கூட்டுகிறது. அதை உடலால் கையாளவே முடியாத பரம்பரைக் குறைபாடு உள்ளவர்களும் இருக்கிறார்கள். ஆய்வகத்தில் நீங்கள் செய்து எடுப்பதையும் யாரும் வாயில் வைக்கக் கூடாது.

இனி வேதியியல். குளுக்கோஸும் பிரக்டோஸும் ஒரே அணுக்களால் ஆனவை. இரண்டின் வாய்பாடும் C₆H₁₂O₆, இரண்டின் மூலக்கூறு எடையும் 180. மூன்றாவது கார்பன் முதல் ஆறாவது வரை இரண்டின் வடிவமைப்பும் ஒன்றே. வேறுபாடு முதல் இரண்டு கார்பன்களில் மட்டும்: குளுக்கோஸில் முதல் கார்பன் ஆல்டிஹைடு, பிரக்டோஸில் இரண்டாவது கார்பன் கீட்டோன். கரைசலில் இரண்டும் வளையமாகச் சுருண்டுகொள்வதால் அந்த வேறுபாடும் பெரும்பாலும் மறைந்தே கிடக்கும்.

உங்கள் நண்பர் சொல்லும் ஓசசோன் இங்கேதான் சறுக்குகிறது. எமில் ஃபிஷர் 1884 முதல் சர்க்கரைகளின் மேல் பினைல் ஹைட்ரசீனைப் பிரயோகித்து வந்தபோது குளுக்கோஸ், பிரக்டோஸ், மேனோஸ் மூன்றும் ஒரே மஞ்சள் ஊசிப் படிகங்களைத்தான் கொடுத்தன. அந்த வினை முதல் இரண்டு கார்பன்களையும் ஒன்றுபோல் ஆக்கிவிடுகிறது. எங்கே வேறுபாடு இருந்ததோ அந்த இடத்தையே அது அழித்துவிடுகிறது. இந்த மூன்றும் அடியில் ஒரே உருவம் கொண்டவை என்று ஃபிஷர் நிறுவ அது பெருந்துணையாக இருந்தது. பிரிப்பதற்கு எந்தப் பயனும் இல்லை. பினைல் ஹைட்ரசீன் நஞ்சும்கூட.

அடுத்ததாக செலிவனாஃப் சோதனை உங்கள் மனதில் வந்திருக்கும். ரிசார்சினாலும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சேர்த்துச் சூடாக்கினால் பிரக்டோஸ் சீக்கிரமே செர்ரிச் சிவப்பாகும், குளுக்கோஸ் பிந்தும். 1887-இலிருந்து வழக்கத்தில் உள்ள நல்ல சோதனை. ஆனால் இனங்காண்பது வேறு, பிரித்தெடுப்பது வேறு. செலிவனாஃப் சோதனையில் சிவந்த பிரக்டோஸ் திரும்பி வராது. பிரிப்பதற்கு நமக்கு வேண்டியது, ஒன்றை மட்டும் பிடித்து, பிறகு அதைச் சேதமில்லாமல் விட்டுவிடும் ஒரு வினை. மாணவர்களின் புராஜெக்ட் அறிக்கைகளில் இந்த இரண்டும் குழம்பிக் கிடப்பதை அடிக்கடி பார்க்கிறேன். உங்கள் அறிக்கையின் முதல் பக்கத்திலேயே இதைத் தெளிவாக எழுதிவிடுங்கள்.

அப்படிப் பிடித்து விடும் பொருள் சுண்ணாம்பு. பிரக்டோஸை 1847-இல் இனங்கண்டவர் பிரெஞ்சு வேதியியலாளர் துப்ரன்ஃபோ. சுண்ணாம்பு கொண்டு அதைப் பிரிக்கும் வழியைத் தந்தவரும் அவரே. குளிர்ந்த நீரில் பிரக்டோஸ் கால்சியம் ஹைட்ராக்சைடோடு சேர்ந்து எளிதில் கரையாத ஒரு சேர்மமாகப் படிகிறது. குளுக்கோஸின் கால்சியம் சேர்மமோ கரைசலிலேயே தங்கிவிடுகிறது. வடிகட்டினால் ஒன்று தாளில், ஒன்று குடுவையில். பிறகு தாளில் உள்ளதைத் தண்ணீரில் கலக்கிக் கார்பன் டை ஆக்சைடு செலுத்தினால் சுண்ணாம்பு கால்சியம் கார்பனேட்டாகப் போய்விடும், பிரக்டோஸ் தண்ணீருக்கு வந்துவிடும். நான் அறிந்த பிரிப்பு முறைகளில் இவ்வளவு சாதாரணப் பொருள்களால் இவ்வளவு நேர்த்தியாக நடப்பது வேறில்லை.

செய்யும் விதத்தைச் சொல்கிறேன். தேனில் பலவகைச் சர்க்கரைகளும் புரதமும் இருப்பதால் முதல் முயற்சிக்கு வீட்டுச் சர்க்கரைதான் நல்லது. சுக்ரோஸின் ஒரு மூலக்கூறு உடைந்தால் சரிபாதி குளுக்கோஸ், சரிபாதி பிரக்டோஸ். ஒரு தண்ணீர் மூலக்கூறு சேர்வதால் 95 கிராம் சர்க்கரையிலிருந்து 100 கிராம் கலவை கிடைக்கும். இதைத்தான் பேக்கரிக்காரர்கள் இன்வர்ட் சுகர் என்கிறார்கள், நம் பாடநூலில் எதிர்மாறு சர்க்கரை. 9.5 கிராம் சர்க்கரைக்கு 100 மில்லி என்ற கணக்கில் கரைத்து, நீர்த்த கந்தக அமிலம் சிறிது சேர்த்து, 70 டிகிரி வாக்கில் சூடாக்குங்கள். ஹைட்ரோகுளோரிக் அமிலமும் இந்த வேலையைச் செய்யும், ஆனால் பின்னால் கால்சியம் குளோரைடு கரைசலிலேயே தங்கிப் படிவதைக் கெடுக்கும். கந்தக அமிலத்தைச் சுண்ணாம்புக்கல் தூளால் நடுநிலையாக்கினால் பெரும்பகுதி ஜிப்சமாக வெளியேறிவிடும்.

சர்க்கரை முழுக்க உடைந்துவிட்டதா என்பதைப் போலாரிமீட்டரிடம் கேளுங்கள். 20 சென்டிமீட்டர் குழாயில் தொடக்கத்தில் +12.6 டிகிரி காட்டும். உடைய உடைய அளவு இறங்கி, சுழியைத் தாண்டி, மறுபக்கம் −4 டிகிரி பக்கம் போய் நிற்கும். காரணம், சுக்ரோஸின் சுழற்சி எண் +66.5, குளுக்கோஸினுடையது +52.7, பிரக்டோஸினுடையது −92. இடப்பக்கம் இழுப்பவன் வலுத்தவன் என்பதால் கலவை இடப்பக்கம் சாய்கிறது. அளவு நகராமல் நிற்கும் வரை காத்திருங்கள். அவசரப்பட்டு சுக்ரோஸை மீதி வைத்தால் அதுவும் சுண்ணாம்போடு சேரக்கூடியது. பீட் சர்க்கரை ஆலைகளில் கழிவுப்பாகிலிருந்து சுக்ரோஸை மீட்கும் ஸ்டெஃபன் முறை சுண்ணாம்பையே நம்பியது என்பதை நினைவில் வையுங்கள். அதே சமயம் தேவைக்கு மேல் அமிலத்தில் கொதிக்க விடவும் கூடாது. பிரக்டோஸ் சூட்டையும் அமிலத்தையும் தாங்காது. ஹைட்ராக்சிமெதில் பர்ஃபியூரலாக உடைந்து கரைசலைப் பழுப்பாக்கும்.

இப்போது கவனம் முழுக்க வேண்டிய கட்டம். நடுநிலையாக்கி வடிகட்டிய கரைசலை ஐஸும் உப்பும் கலந்த தொட்டியில் வைத்துச் சுழிக்கு அருகே குளிரவையுங்கள். பழைய ஆய்வக முறைப்படி 100 மில்லி நீரில் 10 கிராம் எதிர்மாறு சர்க்கரைக்கு ஏறத்தாழ 6 கிராம் நன்கு பொடித்த நீற்றுச் சுண்ணாம்பு. கொஞ்சம் கொஞ்சமாகத் தூவி விடாமல் கலக்க வேண்டும். முதலில் சுண்ணாம்பு எதிர்பார்த்ததைவிட நிறையவே கரையும். ஒன்றும் நடக்கவில்லையே என்று மேலும் மேலும் கொட்டாதீர்கள். கலக்கிக்கொண்டே இருந்தால் கரைசல் திடீரெனக் கனத்து, நுண்ணிய வெள்ளைப் படிகங்கள் நிறைந்த கூழாகும். கண்ணாடித் தண்டைச் சுழற்றும் கையே அந்த மாற்றத்தை உணரும். புக்னர் புனலையும் முன்கூட்டியே ஐஸில் குளிர்வித்து, உறிஞ்சு பம்பால் வடிகட்டுங்கள். கெட்டியாக அழுத்திப் பிழியுங்கள். ஐஸாகக் குளிர்ந்த தெளிந்த சுண்ணாம்பு நீரால் கொஞ்சமாகக் கழுவுங்கள். படிகங்களுக்கு இடையே ஒட்டியிருக்கும் தாய்க்கரைசலில்தான் குளுக்கோஸ் ஒளிந்திருக்கிறது. தூய்மையில் பெரும்பங்கு இந்தக் கழுவலைப் பொறுத்தது. நிறையத் தண்ணீர் விட்டால் குளுக்கோஸோடு பிரக்டோஸும் போய்விடும்.

ஐஸ் எதற்கு என்று கேட்பீர்கள். சேர்மம் குளிரில்தான் நன்றாகப் படியும் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் ஒன்றுண்டு. காரக் கரைசலில் குளுக்கோஸும் பிரக்டோஸும் ஒன்று மற்றொன்றாக மாறும், கூடவே மேனோஸும் பிறக்கும். 1895-இல் லோப்ரி த பிரைனும் ஆல்பர்டா வான் எக்கன்ஸ்டைனும் கண்ட மாற்றம் இது. பிரக்டோஸில் ஆல்டிஹைடு இல்லாதபோதும் ஃபெலிங், பெனடிக்ட் கரைசல்களில் அது சிவப்பு தருவது இதனால்தான். சுண்ணாம்பு வலுவான காரம். அறை வெப்பத்தில் விட்டுவைத்தால், பிரித்தெடுக்க வந்த இரண்டையும் நீங்களே மறுபடி கலக்கிவிடுவீர்கள். இன்னும் சூடானால் இரண்டுமே அமிலங்களாகச் சிதைந்து கரைசல் தேநீர் நிறமாகும். எனவே வடிகட்டும் வரைக்கும் குளிர், பிறகு கார்பன் டை ஆக்சைடு செலுத்திக் காரம் போகும் வரைக்கும் குளிர். இரவு முழுக்க வைத்துவிட்டு மறுநாள் பார்க்கலாம் என்று நினைக்காதீர்கள். காலையில் தொடங்கினால் அன்றே கார்பன் டை ஆக்சைடு கட்டத்தையும் முடித்துவிடுங்கள்.

பிழிந்த வெள்ளைக் கட்டியைக் குளிர்ந்த நீரில் நன்றாகக் கலக்கி, கிப் கருவியிலிருந்து கார்பன் டை ஆக்சைடு விடுங்கள். வாயு முதலில் ஒரு குடுவைத் தண்ணீர் வழியாக வரட்டும், இல்லையேல் அமில ஆவி கூடவே வந்து குளோரைடைச் சேர்த்துவிடும். ஒரு சொட்டைப் பீங்கான் தட்டில் எடுத்துப் பினாப்தலீன் விட்டுப் பாருங்கள். இளஞ்சிவப்பு வராமல் நின்றால் போதும். வடிகட்டுங்கள். கரைசலில் இன்னும் கொஞ்சம் கால்சியம் பைகார்பனேட்டாக இருக்கும். லேசாகச் சூடாக்கினால் அதில் பெரும்பகுதி விழும். மிச்சத்துக்கு ஆக்சாலிக் அமிலக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, வெண்மை எழுவது நின்றதும் நிறுத்துங்கள். ஆக்சாலிக் அமிலம் நஞ்சு. நான் முதலிலேயே வாயில் வைக்காதீர்கள் என்றது இதையும் சேர்த்துத்தான்.

அடுத்தது தண்ணீரை வெளியேற்றுவது. திறந்த கிண்ணத்தில் கொதிக்க வைத்தால் கரமேல்தான் மிஞ்சும். பம்பைக் கொண்டு அழுத்தத்தைக் குறைத்து, 50 டிகிரிக்கு மேல் போகாமல் பாகாக்குங்கள். படிகமாக்குவதில் பிரக்டோஸ் போல் பிடிவாதக்காரச் சர்க்கரை குறைவு. துப்ரன்ஃபோ காலத்திலிருந்து பல ஆண்டுகள் அது வெறும் பாகாகவே அறியப்பட்டது. யுங்ஃபிளைஷும் லெஃப்ராங்கும் அதைப் படிகமாக்கியது 1881-இல்தான். நீர் கலக்காத எத்தில் ஆல்கஹாலைச் சூடாக்கிப் பாகைக் கரைத்து, தெளிந்த பகுதியைத் தனியே ஊற்றி, கடையில் வாங்கிய தூய பிரக்டோஸில் ஒரு சிட்டிகையை விதைப்படிகமாகப் போட்டு மூடி வையுங்கள். நாலைந்து நாள் ஆகலாம். ஆல்கஹால் சூடாக்கும்போது பக்கத்தில் தீ இருக்கக் கூடாது, வெந்நீர்த் தொட்டி மட்டும். இதில் இன்னொரு நன்மையும் உண்டு: குளுக்கோஸ் ஆல்கஹாலில் மிகக் கொஞ்சமே கரையும் என்பதால், தப்பி வந்த குளுக்கோஸும் இங்கே பின்தங்கிவிடும்.

கிடைத்தது எவ்வளவு தூய்மை என்று கேட்டால், மறுபடி போலாரிமீட்டர்தான். உலர்ந்த படிகம் 10 கிராமை 100 மில்லியாக்கி அதே குழாயில் பாருங்கள். 20 டிகிரி செல்சியஸில் தூய பிரக்டோஸுக்கு −18.4 வர வேண்டும். 5 விழுக்காடு குளுக்கோஸ் கலந்திருந்தால் −17.0 வரும். கணக்கு எளிது, ஆனால் நம் ஊர் வெக்கையில் ஒரு பொறி இருக்கிறது. பிரக்டோஸின் சுழற்சி வெப்பத்தோடு வெகுவாகக் குறையும். எதிர்மாறு சர்க்கரையை 87 டிகிரி வாக்கில் சூடாக்கினால் அது ஒளியைத் திருப்புவதே இல்லை. ஒவ்வொரு டிகிரிக்கும் பிரக்டோஸின் சுழற்சி எண் அரை டிகிரிக்குச் சற்று மேல் இறங்கும். 32 டிகிரி அறையில் நூற்றுக்கு நூறு தூய பிரக்டோஸே −17.1 வாக்கில்தான் காட்டும். அதாவது மேசைமேல் ஓடும் வெக்கையே 5 விழுக்காடு கலப்படம்போல வேஷம் போடும். எனவே தெர்மாமீட்டர் அளவை எழுதாத போலாரிமீட்டர் அளவுக்கு மதிப்பில்லை. குழாயை 20 டிகிரி நீரால் குளிர்விக்க வசதியில்லை என்றால், கடையில் வாங்கிய தூய பிரக்டோஸையும் அதே செறிவில் கரைத்து, அதே மணிநேரத்தில் பக்கத்திலேயே அளந்து ஒப்பிடுங்கள். கரைத்தவுடனும் அளக்காதீர்கள். புதிதாகக் கரைத்த பிரக்டோஸ் −130-க்கும் மேலே தொடங்கி −92-க்கு இறங்கும். இந்த நழுவலைக் குளுக்கோஸில் 1846-இல் முதலில் கவனித்தவரும் துப்ரன்ஃபோதான். ஒரு மணி நேரம் விட்டுப் பார்த்தால் போதும்.

வேறு வேதிவழிகள் இல்லையா என்றால், உண்டு. புரோமின் நீர் ஆல்டிஹைடை மட்டும் ஆக்சிஜனேற்றம் செய்யும்: குளுக்கோஸ் குளுக்கோனிக் அமிலமாகும், பிரக்டோஸ் அப்படியே இருக்கும். கால்சியம் கார்பனேட் சேர்த்தால் குளுக்கோனிக் அமிலம் குளிர்ந்த நீரில் அதிகம் கரையாத கால்சியம் குளுக்கோனேட்டாகப் படியும். அமெரிக்கத் தேசிய அளவீட்டு நிறுவனத்தில் இஸ்பெல்லும் ஃபிரஷும் 1931-இல் இதையே மின்சாரத்தால் செய்து காட்டினார்கள். சிறிதளவு புரோமைடு கரைசலிலேயே புரோமினாகி, வேலை செய்து, திரும்பப் புரோமைடாகிச் சுழன்றது. அழகான வேதியியல்தான். ஆனால் ஒரு சர்க்கரையைக் காப்பாற்ற இன்னொன்றைப் பலிகொடுப்பதைப் பிரித்தல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தவிர, இளங்கலை ஆய்வகத்தில் புரோமின் தேவையில்லாத ஆபத்து. பினைல் போரோனிக் அமிலமும் பிரக்டோஸைப் பிடிக்கும்: 1959-இல் லோரண்டும் எட்வர்ட்ஸும் அளந்தபடி குளுக்கோஸோடு அதன் பிணைப்பு மாறிலி 110, பிரக்டோஸோடு 4,370. நாற்பது மடங்கு விருப்பம்! ஆனால் அதன் விலைக்கு உங்கள் புராஜெக்ட் தாங்காது.

சுண்ணாம்பு முறையைத் தொழிலாக்கவும் முயன்றார்கள். அதே அளவீட்டு நிறுவனத்தில் ரிச்சர்ட் ஜாக்சன் குழுவினர் 1920-களில் கிழங்குகளிலிருந்து பிரக்டோஸ் எடுக்க இதைத்தான் செம்மைப்படுத்தினார்கள். ஐஸ் செலவும் சுண்ணாம்புக் கழிவும் பெரிய அளவுக்கு ஒத்துவரவில்லை. பிறகு வழி மாறியது. குளுக்கோஸைப் பிரக்டோஸாக்கும் நொதியை மார்ஷலும் கூயும் 1957-இல் அறிவித்தார்கள். ஜப்பானில் அது ஆலைக்கு வந்தது. அமெரிக்க மக்காச்சோளப் பாகு அதில் ஓடியது. ஆனால் அந்த நொதி பாதி வழியில் நின்றுவிடும். 42 விழுக்காடு பிரக்டோஸுக்கு மேல் கொண்டுபோவது லாபமில்லை, குளிர்பானத்துக்கோ 55 வேண்டும். இங்கேயும் பிரிப்பதுதான் கேள்வி.

விடையாக வந்தது கால்சியமே. பாலிஸ்டைரீன் பிசின் மணிகளில் கால்சியம் அயனிகளை ஏற்றி, அந்த மணிகள் நிரப்பிய உயரமான குழாயில் பாகை விட்டுத் தண்ணீரால் தள்ளுகிறார்கள். பிரக்டோஸின் ஹைட்ராக்சில் குழுக்கள் அமைந்த விதம் கால்சியத்தோடு இணையத் தோதானது. எனவே அது மணிகளில் தங்கித் தங்கி வருகிறது, குளுக்கோஸ் முன்னே போய்விடுகிறது. துப்ரன்ஃபோவின் காரச் சேர்மமும் இந்த நடுநிலைப் பிணைப்பும் ஒன்றல்ல. ஆனால் பிரக்டோஸின்மேல் கால்சியத்துக்குள்ள பிடிப்பு இரண்டிலும் வேலை செய்கிறது. காரமில்லை, வீழ்படிவில்லை, தண்ணீரைத் தவிர வேறு செலவில்லை என்பதால் ஆலைகள் இதைப் பற்றிக்கொண்டன. யு.ஓ.பி. நிறுவனத்தில் பிராட்டன் 1961-இல் காப்புரிமை பெற்ற ஏற்பாடு இதைத் தொடர் ஓட்டமாக்கியது: பிசின் நகராது, பாகு விடும் வாயும் எடுக்கும் வாயும் குறித்த இடைவெளியில் ஓட்டத்தின் திசையிலேயே அடுத்தடுத்த குழாய்க்கு மாறும், பிசினே எதிர்த்திசையில் நகர்ந்ததுபோன்ற பலன் கிடைக்கும். ஒரு வாயில் குளுக்கோஸ், மறு வாயில் 90 விழுக்காடு பிரக்டோஸ் பாகு இடைவிடாமல் வரும். அதை 42-உடன் கலந்தால் 55. 1984-இல் அமெரிக்காவில் கோக்க கோலாவும் பெப்சியும் சர்க்கரையை விட்டு இந்தப் பாகுக்கு முழுக்க மாறின. பிசின் கொஞ்சம் கிடைத்தால் நீங்களே ஒரு பியூரெட்டில் நிரப்பி, கால்சியம் குளோரைடு விட்டுக் கழுவி, எதிர்மாறு சர்க்கரையை ஊற்றிப் பாருங்கள். முதலில் வரும் துளிகள் வலப்பக்கமும் பின்னால் வருபவை இடப்பக்கமும் ஒளியைத் திருப்பினால் புராஜெக்ட்டுக்கு இரண்டாம் அத்தியாயம் கிடைத்துவிட்டது.

மூன்றாம் அத்தியாயத்துக்கு ஒரு யோசனை. பிரிக்கும் சிரமத்தையே பெரிதும் குறைக்கும் மூலப்பொருள் ஒன்று நம் காப்பிப்பொடியிலேயே இருக்கிறது. சிக்கரி வேரின் சேமிப்பு மாவுச்சத்து அல்ல, இனுலின். அது பிரக்டோஸ்களே கோத்த சங்கிலி, நுனியில் மட்டும் ஒரு குளுக்கோஸ். உடைத்தால் சரிபாதிக் கலவைக்குப் பதில் பெரும்பாலும் பிரக்டோஸே கிடைக்கும். வறுத்த சிக்கரியில் இனுலின் பெருமளவு சிதைந்திருக்கும், எனவே வறுக்காத உலர்ந்த வேரைக் கேட்டு வாங்குங்கள். வேரைச் சீவி வெந்நீரில் ஊறவைக்கும்போதே அமிலம் சேர்த்துவிடாதீர்கள். முதலில் வெறும் வெந்நீரில் இனுலினை இறக்கி வடிகட்டி, ஐஸில் வையுங்கள். சூட்டில் கரைந்த இனுலின் குளிரில் வெள்ளைத் தூளாக அடியில் தங்கும், வேரின் நிறமும் கசப்பும் மேல்நீரோடு போய்விடும். அந்தத் தூளை எடுத்துப் புதுத் தண்ணீரில் கரைத்து, அதன்பிறகு சொட்டு அமிலம் விட்டு உடையுங்கள். மிதமான சூடே போதும், சுக்ரோஸைப் போலவே இனுலினும் எளிதில் உடையும். பிறகு சுண்ணாம்பும் ஐஸும் மேலே சொன்னபடியே.